வால் போன பிறகு வந்த தீர்ப்பு

ஒரு காட்டில் பெரிய தாமரைக் குளம் ஒன்று இருந்தது. கோடையிலும் வற்றாத தண்ணீர், கொழுத்த மீன்கள், கரை நிறைய நாவல் மரங்கள். அந்தக் காட்டிலேயே பணக்காரக் குளம் அதுதான். அந்தப் பெருமை குளத்துக்கு இருந்ததோ இல்லையோ, குளத்தின் தலைவரான நாரைக்கு நிறையவே இருந்தது.

கரையில் ஒரு பாறை. நாரை தன் அலகாலேயே அதில் கொத்தி எழுதியிருந்தது: ‘இங்கே எல்லாக் குஞ்சு குட்டிகளுக்கும் தண்ணீர் உண்டு, பாதுகாப்பு உண்டு, பேச உரிமை உண்டு.’

வருடத்துக்கு ஒரு நாள் குஞ்சு குட்டிகளைப் பாறைக்கு முன்னால் உச்சி வெயிலில் உட்கார வைத்து, அவற்றின் உரிமைகளைப் பற்றி நாரை இரண்டு மணி நேரம் பேசும். நடுவில் எந்தக் குஞ்சாவது வாயைத் திறந்தால், “உஷ்! பெரியவங்க பேசும்போது என்ன பேச்சு?” என்று அதட்டும். காலையில் மீன் குஞ்சுகளைப் பலகாரமாகச் சாப்பிட்டுவிட்டு வந்த வாய் அது. குஞ்சு குட்டி நலச் சபைக்கும் நாரைதான் தலைவர். வேறு யார் இருக்க முடியும்?

ஒரு மழைக்குப் பிறகு, குளத்துக்கு வெளியே, யானை மிதித்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கியது. வழியில் போன ஒரு தவளை அதில் முட்டையிட்டுவிட்டுப் போய்விட்டது. பன்னிரண்டு தலைப்பிரட்டைகள் பிறந்தன. மழை நின்றது. வெயில் ஏறியது. பள்ளத்துத் தண்ணீர் குறையத் தொடங்கியது.

பன்னிரண்டில் வாய்த்துடுக்கு அதிகம் மினுக்கி என்பதற்கு. அது கரையில் போன நண்டைக் கூப்பிட்டது.

“நண்டு மாமா! அந்தப் பக்கம் அவ்வளவு தண்ணி கிடக்கு. நடுவுல ரெண்டு முழம் மண்ணுதான். ஒரு வாய்க்கால் கீறி விடுங்களேன்!”

நண்டு தயங்கியது. “வெட்டறது ஒண்ணும் பெரிய வேலை இல்லம்மா. ஆனா உத்தரவு இல்லாம கரையில கொடுக்கு வெச்சா என் வளையை மூடிடுவாங்க. சபைக்கு ஒரு மனு போடு. பாறையிலயே எழுதியிருக்கே, குடுக்காமலா போயிடுவாங்க?”

மனு போனது. ஐந்தாம் நாள் சபையின் செயலாளர் ஆமை வந்து சேர்ந்தது. இரண்டு முழத்துக்கு ஐந்து நாளா என்று கேட்காதீர்கள். நடுவில் இரண்டு நாள் விடுமுறை.

“நீ யாரு?” என்றது ஆமை.

“தவளைக் குழந்தை, ஐயா!” என்றது மினுக்கி.

“தவளைன்னா கால் இருக்கணுமே! எங்க கால்?”

“இனிமேதான் முளைக்கும், ஐயா.”

“முளைக்கப்போறதையெல்லாம் எழுத முடியாது!” ஆமை ஓலையில் எழுதிக்கொண்டது: ‘கால் இல்லை. மீனாக இருக்கலாம்.’

குளத்து விரால் மீனைக் கேட்டார்கள். “செதில் எங்கே? இது எங்க பிள்ளை இல்லை!” என்று விரால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மனு நிலுவையில் போனது.

அடுத்த முறை ஆமை வந்தபோது மினுக்கிக்குப் பின்னங்கால் இரண்டும் முளைத்திருந்தன. ஆனால் பள்ளத்தில் ஒன்பது பேர்தான் மிச்சம்.

“ஐயா, கால் வந்திருச்சு! சீக்கிரம், ஐயா! மூணு பேர் செத்துட்டாங்க!”

“சாவுக்குத் தனி மனு போடணும்” என்றது ஆமை. “சரி, எண்ணிப் பார்ப்போம். ஒண்ணு, ரெண்டு... ரெண்டு கால்னா பறவை ஆச்சே! சிறகு எங்க?”

மினுக்கிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “நான் யாரா இருந்தா என்ன, ஐயா? குழந்தைதானே? பாறையில ‘எல்லா’ன்னுதானே எழுதியிருக்கு!”

“எல்லாக் குழந்தைக்கும் உண்டு, கண்ணு. அதனாலதான் நீ குழந்தையான்னு இவ்வளவு கவனமா விசாரிக்கிறோம்” என்றது ஆமை. எவ்வளவு அன்பாகச் சொன்னது, தெரியுமா! அன்பில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர்தான் வரவில்லை.

பிறகு முன்னங்கால்களும் வந்தன. நான்கு கால், ஒரு வால். ‘பல்லியாக இருக்கலாம்’ என்று எழுதினார்கள். மினுக்கி சபைக்கு நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். சபை கூடுவது நடுக்குளத்தில். குளத்துக்குள் வரத்தான் மனுவே! மினுக்கி வரவில்லை. ‘மனுதாரருக்கு அக்கறை இல்லை’ என்று எழுதி வாய்தா போட்டார்கள்.

ஒரு காலையில் வாலும் போய்விட்டது. மினுக்கி இப்போது முழுத் தவளை. தத்தித் தத்தி இரண்டு முழத்தையும் கடந்து, நீந்திப் போய், சபை நடுவே ஒரு தாமரை இலையில் ஏறி உட்கார்ந்தது.

நாரை கழுத்தை வளைத்துப் பார்த்தது. முகமெல்லாம் மலர்ந்தது.

“சந்தேகமே இல்லை! தவளைதான்! தீர்ப்பு உங்க பக்கம்மா!”

“அப்போ வாய்க்கால் வெட்டச் சொல்லுங்க!”

“அது குழந்தைகளுக்கு உள்ளது ஆச்சே! நீங்க இப்போ பெரியவங்க. செயலாளரே, ‘மனு வெற்றிகரமாக முடிந்தது’ன்னு எழுதுங்க!”

சபையில் எல்லாரும் இறக்கையைத் தட்டினார்கள். இறக்கை இல்லாதவர்கள் வாலைத் தட்டினார்கள்.

“அங்க என் தம்பிங்க இன்னும் ரெண்டு பேர் உயிரோட இருக்காங்க!” என்று கத்தியது மினுக்கி. “மத்த ஒன்பது பேரும் செத்துட்டாங்க! இந்த ரெண்டு பேருக்கு இன்னும் வால்கூடப் போகல!”

“வாலா? அப்போ அவங்க யாருன்னு முதல்லேர்ந்து விசாரிக்கணுமே!” என்று ஆமை புது ஓலையை எடுத்தது.

மினுக்கி அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. நேராக நண்டின் வளைக்குப் போனது.

“உத்தரவு வந்துச்சாம்மா?”

“முதல்ல வந்து பாருங்க, மாமா. அப்புறம் கேளுங்க.”

நண்டு வந்து பள்ளத்தை எட்டிப் பார்த்தது. உள்ளங்கை அளவு சேறு. அதில் இரண்டு சின்ன வாய்கள் திறந்து திறந்து மூடின. சுற்றிலும் மற்றவை காய்ந்து ஒட்டிக் கிடந்தன. நண்டு, “என் வளையை மூடட்டும், பார்ப்போம்!” என்று கரையில் கொடுக்கை இறக்கியது.

தண்ணீர் சலசலவென்று பாய்ந்தது. தம்பிகள் இரண்டும் அதில் துள்ளி நீந்தித் தாமரைத் தண்டுகளுக்கு நடுவே போய்விட்டன. எல்லாம் சேர்ந்து ஒரு உலை கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

நண்டு வெட்டிய மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றது. “இவ்வளவுதானா? இதை நான் அன்னிக்கே செஞ்சிருக்கலாமே!” என்று விம்மியது.

மினுக்கி ஆறுதல் சொல்லவில்லை. “செஞ்சிருக்கலாம், மாமா” என்று மட்டும் சொன்னது.

நான்காம் நாள் ஆமை புது ஓலையோடு பள்ளத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே யாரும் இல்லை. ‘மனுதாரர்களைக் காணவில்லை. குளத்தில் குறை ஏதும் இல்லை’ என்று அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு திரும்பிப் போனது.

குழந்தைப் பருவம் முடியும்வரை விசாரித்துவிட்டுக் கொடுக்கிற உரிமை, குழந்தைக்குக் கொடுத்த உரிமை ஆகாது.