ஹீட் பம்பின் பின்பக்கம்

மின்துறையில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற கோதண்டபாணி, மகள் வயதுள்ள மங்கையர்க்கரசி அம்மையிடம் சீடராகச் சேர்ந்து, மலைமேல் இருந்த அவருடைய மடத்திலேயே தங்கிவிட்டார். அம்மா அவரை "இன்ஜினியரே" என்றுதான் கூப்பிடுவார். அதில் கொஞ்சம் கேலியும் இருக்கும்.

மடத்துக்கு வருகிறவர்கள் குளிக்க விறகு பாய்லரில்தான் வெந்நீர் போட்டார்கள். பாணி அதைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் வைத்தார். வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் யந்திரம். புகை கிடையாது, மரம் வெட்ட வேண்டாம், கரண்டும் குறைவு. சூட்டைப் பறிகொடுத்த காற்று மட்டும் பின்பக்கமாகச் சில்லென்று வெளியேறும்.

நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளிலும் விடுதிகளிலும் இதை வைக்கத் திட்டம் எழுதும் குழு ஒன்று, நேரில் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியது.

அவர்கள் வருவதற்கு முதல் நாள், பாணி யந்திரத்தைச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கம் ஒரு கோணிச் சாக்கு தொங்கியது. பாத்திரம் தேய்க்கும் பெள்ளியம்மாள், யந்திரத்துக்கும் தன் அறை ஜன்னலுக்கும் நடுவே கட்டியிருந்தாள். காற்றை மறித்தால் யந்திரம் திணறும் என்று சொல்லி அவிழ்த்துச் சுருட்டினார்.

பெள்ளி சண்டைக்கு வரவில்லை. பாய்லர் இருந்தபோது தன் அறைச் சுவர் கதகதவென்று இருக்கும், இப்போது நெஞ்சுச் சளி போகவே மாட்டேன் என்கிறது என்று மட்டும் சொன்னாள்.

"பழைய பாய்லரைக் கட்டிக்கொண்டு அழாதே பெள்ளி. நாடே மாறுகிறது," என்றார் பாணி.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அம்மா தூரத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

மறுநாள் காலை பனி விலகும் முன்பே குழு வந்துவிட்டது. பாணி உற்சாகமாக விளக்கினார். பேசிக்கொண்டே எல்லோரையும் பின்பக்கம் அழைத்துப் போனார். இந்தச் சூட்டுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று குழுத் தலைவர் கேட்டார்.

"யாரும் இல்லை சார். காற்றில் சும்மா கிடக்கிற சூடு. ஒருத்தருக்கும் நஷ்டமில்லை."

ஜன்னலுக்குள் யாரோ இருமினார்கள். பெள்ளியின் இருமல் இல்லை. பாணி எட்டிப் பார்த்தார்.

பெள்ளியின் பாயில் அம்மா உட்கார்ந்திருந்தார். நேற்று பாணி சுருட்டிப் போட்ட சாக்கைப் போர்த்தியிருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"மெதுவாகப் பேசுங்கள்," என்றார் அம்மா. "பெள்ளி என் அறையில் இப்போதுதான் கண் அசந்திருக்கிறாள்."

அந்தக் குளிரிலும் பாணிக்குக் காது மடல் சுட்டது. குழுவினர் பக்கம் அவரால் திரும்ப முடியவில்லை.

"யந்திரத்தை நிறுத்திவிடட்டுமா அம்மா?"

"எதற்கு? இத்தனை வருஷம் விறகுப் புகையில் கண் எரிந்தவளும் அவள்தான். ஓடட்டும்."

"இன்றைக்கே வேறு பக்கம் திருப்பி வைத்துவிடுகிறேன்."

"வையுங்கள்."

பாணி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இவர்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

அம்மா பாயில் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.

"உள்ளே கூப்பிடுங்கள் இன்ஜினியரே. சுவர் ஓரமாக இடம் இருக்கிறது."