கிழிசல் சால்வைப் பாட்டு

சத்துணவுக் கூடத்தில் சோறு வேகும்வரை பிள்ளைகளுக்குப் பழம்பாட்டுச் சொல்வது சமையல்காரி செங்கமலத்தின் வழக்கம். அன்று சொன்னது, வள்ளல் கொடுத்த கிழிசல் சால்வையில் எந்த ஓட்டைக்குள் தலையை நுழைப்பது என்று ஒரு புலவர் கேட்கும் பாட்டு. பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள்.

பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த கல்வி அதிகாரி திருவேங்கடத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இலக்கியம்னா ஒரு மரியாதை வேண்டாமா? ஒரு பிள்ளைகூடச் சிரிக்காம இதைக் கேக்கணும். இல்லேன்னா நாளையிலேருந்து நீ வேலைக்கு வரவேண்டாம்!"

"சரிங்கய்யா. அது எப்படின்னு நீங்களே ஒரு தடவை சொல்லிக் காட்டிடுங்க," என்றாள் செங்கமலம்.

எம்.ஏ. பரீட்சைக்கு அவர் மனப்பாடம் செய்த பாட்டுதான். தொண்டையைச் செருமிக்கொண்டு, இரங்கல் கூட்டத்தில் பேசுவதுபோல் நாலு வரியையும் சொல்லி முடித்தார். கூடத்தில் ஒரு சத்தமில்லை.

"பாத்தியா?" என்றார் பெருமையாக.

முன்வரிசையிலிருந்த ஒண்ணாம் வகுப்புப் பூங்கொடி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"சார், உங்களுக்குப் புரியலையா? எங்களுக்கும் முதல்ல புரியலை. உக்காருங்க, சோறு வேக இன்னும் நேரமிருக்கு."

செங்கமலம் அவருக்கும் ஒரு பாயை விரித்துப் போட்டுவிட்டு, முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.