நல்லா இருக்கு, மேடம்

"இந்த வளாகத்துல ஒருத்தருக்கும் புதுசா ஒண்ணும் தோணலை, மேடம்," என்றார் சவரிமுத்து.

பேராசிரியர் மெஹருன்னிசா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எதை வெச்சுச் சொல்றீங்க?"

"எடுத்த பேட்டியெல்லாம் திரும்பப் போட்டுக் கேளுங்க. எதைக் கேட்டாலும் 'நல்லா இருக்கு சார்'தான். பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டுறாங்க. இதுல நான் என்னத்தை ஆராய்ச்சி பண்றது?"

சவரிமுத்துவும் மாணவர்தான், தலை நரைத்த மாணவர். ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் படித்துவந்தார். அவருடைய நெறியாளர் மெஹருன்னிசா அவரைவிட இளையவர். அதனால் இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார்.

பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்கள் புதிதாக எதையாவது எப்படிச் செய்து பார்க்கிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. அதற்கென்றே அங்கே புத்தாக்க மையம் என்று ஒன்று இருந்தது. ஏசி உண்டு, வண்ண வண்ண நாற்காலிகள் உண்டு, பொருளை அச்சடித்துத் தரும் இயந்திரம்கூட உண்டு. ஆள் நடமாட்டம்தான் இல்லை. அந்த மையத்துக்கும் மெஹருன்னிசாவே பொறுப்பாளர்.

சவரிமுத்துவுக்கு அவசரம். அடுத்த கல்வியாண்டுக்குள் பட்டம் வாங்காவிட்டால் வேலை இல்லை என்று அவருடைய கல்லூரியில் குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். ஆய்வுக் குழுவோ பேட்டிகளைப் பார்த்துவிட்டு, இது ஆராய்ச்சியா விளம்பரமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டது.

"பசங்க ஏன் அப்படிச் சொல்றாங்க, சார்?" என்று கேட்டார் மெஹருன்னிசா.

"யோசிக்கத் தெரியலை, மேடம். வேறென்ன?"

மெஹருன்னிசா எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

சித்திரை மாதம். வெளியே ஓர் இலை அசையவில்லை.

"மூணாவது அத்தியாயத்துல என்ன எழுதியிருக்கீங்க, சொல்லுங்க."

சவரிமுத்து சொன்னார். சொல்லச் சொல்ல நெற்றியில் துளிர்த்த வியர்வை மூக்கு நுனிவரை வந்து சொட்டியது.

"வசதியா இருக்கா, சார்?"

"இருக்கு, மேடம்."

மெஹருன்னிசா எழுந்து ஜன்னலையும் சாத்தினார்.

"இப்ப?"

"நல்லா இருக்கு, மேடம்."

மெஹருன்னிசா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"சரி. அடுத்த வாரம் வாங்க."

பேருந்தில் போகும்போது சவரிமுத்து யோசித்தார். மேடத்துக்குக் குளிர்காய்ச்சல் போலிருக்கிறது, பாவம். வேறு காரணம் எதுவும் அவருக்குத் தோன்றவில்லை. நெறியாளர் விசிறியை நிறுத்தினால் அதற்கு ஒரு நியாயம் இருக்கத்தான் வேண்டும்.

அடுத்த வாரம் கையில் பிளாஸ்க்கோடு வந்தார். விசிறி ஓடவில்லை. ஜன்னலும் திறந்திருக்கவில்லை.

"என்ன சார் இது?"

"சுக்குக் கஷாயம், மேடம். வீட்டுல போட்டுக் குடுத்தாங்க."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். உடம்புக்கு முடியலையேன்னு…"

மெஹருன்னிசா பிளாஸ்க்கைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, அந்தப் புழுக்கத்தில் ஒரு டம்ளர் கஷாயத்தையும் மடக் மடக்கென்று குடித்து முடித்தார். முகமெல்லாம் வழிந்தது.

"எப்படி இருக்கு, மேடம்?"

"கொடுமையா இருக்கு, சார்."

சவரிமுத்து பதறிப்போனார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்தக் கஷாயத்தைக் குடித்துவருகிறார். ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

"உங்களுக்குப் புழுங்கலையா?" என்று கேட்டார் மெஹருன்னிசா.

சவரிமுத்து வாயைத் திறந்தார். பட்டத்துக்கு மேடம் போட வேண்டிய கையெழுத்து நினைவுக்கு வந்தது. சொல்ல வந்ததை மென்று விழுங்கினார்.

"இல்லை, மேடம். பழகிருச்சு."

மெஹருன்னிசா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அலுப்பாக இருந்தது அவருக்கு.

"நாளைக்கு மையத்துல இன்னொரு பேட்டி எடுத்துப் பார்ப்போம். நானும் வழக்கம்போல வர்றேன்."

மறுநாள் பேட்டிக்கு வந்தவள் துர்கேஸ்வரி. இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு. சவரிமுத்து தன் போனைப் பதிவில் போட்டு மேசைமேல் வைத்தார். அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் மெஹருன்னிசா அமர்ந்தார். முதல் பேட்டியிலிருந்தே அவர் அப்படித்தான் உட்காருகிறார். தான் கூட இருந்தால் பிள்ளைகளுக்குத் தைரியமாக இருக்கும் என்று அவருக்கு எண்ணம்.

"இந்த மையம் எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

"ஏதாவது மாத்தணும்னு தோணுதா?"

"இல்லை சார். எல்லாமே நல்லா இருக்கு."

எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டதுதான். இன்றைக்கு மட்டும் அது சவரிமுத்துவின் காதில் முள்ளாகக் குத்தியது. அது அவருடைய குரல். போன வாரம் அவர் சொன்ன அதே சொல், நேற்றும் காட்டிய அதே பணிவு.

அந்தப் பெண்ணைப் பார்த்தார். ஏசி அறையில் அவளுடைய மேலுதடு வியர்த்திருந்தது. அவள் பார்வை அவர்மேல் இல்லை. அவருடைய தோளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

யாரைப் பார்க்கிறாள் என்று திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

சவரிமுத்து, வேலை போய்விடும் என்று நினைத்தார். இந்த வயதில் யார் வேலை தருவார்கள் என்று நினைத்தார். உண்மையாகவே பயமாக இருந்தது.

திரும்பினார்.

"மேடம்."

"சொல்லுங்க, சார்."

"நீங்க கொஞ்சம் வெளிய இருக்கணும்."

மெஹருன்னிசா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எதுக்கு?"

"நீங்க இங்க இருக்கிற வரைக்கும் இந்தப் பொண்ணு 'நல்லா இருக்கு'ன்னுதான் சொல்லும்."

மெஹருன்னிசாவின் முகம் சுண்டிப்போயிற்று. விசிறியை நிறுத்திய நாளிலிருந்தே சவரிமுத்துவிடமிருந்து ஏதாவது ஒரு மறுப்பு வரும் என்று காத்திருந்தவர்தான். அது தன்மேலேயே வந்து விழும் என்று அவர் நினைக்கவில்லை.

"இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"முதல் பேட்டியிலயே உள்ளுக்குள்ள தோணுச்சு, மேடம்."

"ஏன் சொல்லலை?"

"நீங்க விசிறியை நிறுத்தின அன்னைக்கும் புழுங்கத்தான் செஞ்சுது. அதையும்தான் சொல்லலை."

மெஹருன்னிசா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் ஒரு கணம் நின்றார். பிறகு கதவைத் தானே சாத்திக்கொண்டு வெளியே போனார்.

சவரிமுத்து பெருமூச்சு விட்டார். மனசு லேசாகிவிட்டது. இந்த வயதில் இப்படி ஒரு காரியம் செய்வோம் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

போனை அவள் பக்கமாக நகர்த்தினார்.

"இப்பச் சொல்லும்மா. யாரும் இல்லை, பயப்படாதே."

துர்கேஸ்வரி கதவைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"உண்மையைச் சொல்லணும்னா, சார்…"

"சொல்லு."

"நீங்களும் வெளிய போயிருங்க, சார். போனை மட்டும் வெச்சிட்டுப் போங்க."