மூன்று நாற்காலிகளும் ஒரு தண்ணீர் வண்டியும்

விடை தெரிந்துவிட்டது என்று நடுவில் கையைத் தூக்காமல் கடைசிவரை கேளுங்கள். அவசரக்காரர்கள் இந்தக் கதையில் தப்பான ஆளைத்தான் பிடிக்கிறார்கள்.

சென்னை பெருங்குடியில் ஒரு கண்ணாடிக் கட்டடம். உலகத்தார் இணையத்தில் போடும் பதிவுகளில் எது இருக்கலாம், எது கூடாது என்று பார்ப்பதே அங்கே வேலை. ஒரு பெரிய சமூக வலைத்தள நிறுவனம் கொடுத்த ஒப்பந்தம் அது. அரபிப் பதிவுகளைப் பார்க்க மூன்றே பேர் இருந்தார்கள். மேல்விஷாரத்து மெஹருன்னிசா கல்லூரியில் அரபி படித்தவள். காயல்பட்டினத்து முத்து மீரான் மதரசாவில் படித்தவன். நாகர்கோவில் பிலவேந்திரன் குவைத்தில் மருந்துக்கடையில் நின்று கற்றுக்கொண்டவர். இந்த மூவரைத் தேடிப் பிடிப்பதற்குள் நிறுவனத்துக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

அரபி தெரிந்த ஒருவர் வாசித்து ஒப்புதல் தராமல் எந்த அரபிக் கணக்கையும் நீக்கமாட்டோம் என்று நிறுவனம் ஊரெல்லாம் பெருமை பேசியது. தன் திரையில் வந்ததைப் பக்கத்து இருக்கையில்கூடப் பேசக்கூடாது என்ற விதியை மட்டும் வெளியே சொல்லவில்லை. அதற்கு மூவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தினமும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், மீன் விலையைப் பற்றிப் பேசினார்கள்.

காஸாவில் ஹனீன் என்றொரு பள்ளி ஆசிரியை. பள்ளிக்கூடம் இடிந்தபின், குடிநீர் வண்டி இன்று எந்தத் தெருவுக்கு வரும் என்று காலைதோறும் தன் பக்கத்தில் எழுதினாள். அதைப் பார்த்துத்தான் அக்கம்பக்கத்து ஜனங்கள் கேன்களோடு ஓடினார்கள். நாங்களும் மனிதர்கள், எங்களைக் கொல்வதை நிறுத்துங்கள் என்றும் இடையிடையே எழுதினாள். ஒருநாள் மேலிடத்து உத்தரவு வந்தது. அந்தக் கணக்கு வன்முறையைத் தூண்டுகிறதாம், நீக்க வேண்டுமாம்.

முதலில் அது மெஹருன்னிசாவிடம் வந்தது. வரி விடாமல் படித்தாள். தூண்டுதல் எங்கேயும் இல்லை. மேலாளர் சத்யபாமாவிடம் போய் அடையாள அட்டையைக் கழற்றி வைத்தாள்.

“இதை அழிக்கிற கை என்னோடதா இருக்காது மேடம்.”

அவ்வளவுதான். சகாக்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்து முத்து மீரான். அவன் சத்தமே போடவில்லை. ‘குற்றம் இல்லை’ என்று அழுத்தினான். கோப்பு திரும்பி வரவர அதையே அழுத்தினான். அப்படி இழுத்தடித்த நாளெல்லாம் ஹனீனின் ஜனங்களுக்குத் தண்ணீர் கிடைத்தது. பிறகு மேல்தணிக்கையில் மாட்டிக்கொண்டான், வேலை போயிற்று.

மிச்சம் இருந்தவர் பிலவேந்திரன். மற்ற இருவரும் எதற்காகப் போனார்கள் என்று அவருக்குத் தெரியாது. கணக்கை நீக்குமுன் உரியவருக்கு எச்சரிக்கை அனுப்ப விதியில் இடமுண்டு, யாரும் அனுப்புவதில்லை. அவர் அனுப்பினார். ஹனீன் அவசர அவசரமாகத் தன் ஜனங்களை வேறொரு தளத்துக்கு அழைத்தாள். பாதிப் பேர்தான் போய்ச் சேர்ந்தார்கள். மாலையில் பிலவேந்திரனே பொத்தானை அழுத்திக் கணக்கை நீக்கினார். மறுநாளும் வேலைக்கு வந்தார். “நானும் போயிட்டா அடுத்த கணக்குக்கு யாரு எச்சரிக்கை அனுப்புவா?” என்று மனைவியிடம் கேட்டார்.

இப்போது சொல்லுங்கள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: யாரைச் சொன்னாலும் மீதிப் பாதி ஜனங்களுக்குத் தண்ணீர் இல்லை. மூவரும் நல்லவர்கள்தான், ஆனால் தனித்தனியாக நல்லவர்களாக இருந்தார்கள். ஒரே நாளில் மூவரும் மறுத்திருந்தால் அந்த உத்தரவுக்கு ஒப்புதல் தர அங்கே வேறு ஆளே கிடையாது. புது ஆள் கிடைக்கும்வரை கணக்கு அப்படியே இருந்திருக்கும். நிறுவனம் பயந்தது அவர்கள் பேச்சுக்குத்தான், அதனால்தான் அந்தக் கையெழுத்தை வாங்கியது. இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, மெஹருன்னிசா. மற்ற இருவரையும் தேடிப்போய் நடந்ததைச் சொன்னபோதுதான் மூவரிடமும் வந்தது ஒரே கணக்கு என்று தெரிந்தது. காலி நாற்காலிகளுக்கு இப்போது புதிதாக இருவர் வந்திருக்கிறார்கள். இன்று மதியம் பிலவேந்திரன் அவர்களை எதிர் டீக்கடைக்குக் கூட்டி வருகிறார். அங்கே மெஹருன்னிசாவும் முத்து மீரானும் அவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லக் காத்திருக்கிறார்கள்.