சிம்பலுக்குப் பிளாஸ்திரி

சாலிகிராமத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் ஒலிப்பதிவாளர் நசீமாவின் காதைப் பற்றிப் பேசாதவர்கள் கிடையாது. அவரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, ஒரு வேலை வரும். வேலையைச் செய்து முடிப்பதற்குள் கேள்வி காணாமல் போயிருக்கும்.

தாமோதரன் அவரிடம் தொழில் படிக்க வந்தபோது தலை பாதி நரைத்திருந்தது. அதுவரை கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று ஊர் ஊராக மைக் கட்டிய மனிதர். குருவுக்கு அவரைவிட வயது குறைவு. குரு சீடனை 'அண்ணே' என்பார், சீடன் குருவை 'டீச்சர்' என்பார். கேட்பவர்களுக்குத்தான் சிரிப்பு வரும்.

அன்று முதல்முறையாக ஒரு டிரம்ஸ் பதிவை முழுக்கத் தாமோதரன் பொறுப்பில் விட்டுவிட்டு நசீமா வெளியே போயிருந்தார். வாசிக்க வந்தவர் ராயபுரம் டைட்டஸ். ஒரு காலத்தில் அவர் இல்லாமல் மெல்லிசைக் கச்சேரி களைகட்டாது. இப்போது சில வருஷமாக யாரும் கூப்பிடவில்லை. தாமோதரன்தான் இசையமைப்பாளரிடம் சொல்லி, கெஞ்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள், இந்தப் பாட்டுக்கு அவரை அழைத்து வந்திருந்தார்.

பாட்டு மென்மையான பாட்டு. பாடகி காதோடு ரகசியம் சொல்வதுபோல் பாடியிருந்தார். டைட்டஸ் சிம்பல் என்கிற வெண்கலத் தட்டில் ஒரு அடி வைத்தால், அந்த ரீங்காரம் அடுத்த வரி முடிந்தும் அடங்கவில்லை. மற்ற டிரம்களுக்கு வைத்த மைக்கில் எல்லாம் புகுந்து வார்த்தைகளைத் தின்றது.

"சார், கொஞ்சம் மெதுவா," என்றார் தாமோதரன், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து மைக்கில்.

"மெதுவாத்தான் அடிக்கிறேன், தாமு."

அடுத்த அடி இன்னும் பலமாக விழுந்தது.

மேடையில் பழகிய கை, இனி அடங்காது என்று தாமோதரன் முடிவு கட்டினார். கை அடங்காவிட்டால் சிம்பலை அடக்கவேண்டியதுதான். உள்ளே போய்ச் சிம்பலின் அடியில் டேப் ஒட்டினார். போதவில்லை. இன்னும் ஒட்டினார். துணியை மடித்துவைத்து அதன்மேலும் ஒட்டினார். ரீங்காரம் போய்விட்டது. கூடவே சிம்பலும் போய்விட்டது. எவர்சில்வர் தட்டில் கரண்டி விழுந்த மாதிரி ஒரு சத்தம்தான் மிச்சம்.

டைட்டஸ் குனிந்து பார்த்தார். "எம்புள்ளைக்கு என்னப்பா ஆச்சு? பிளாஸ்திரியெல்லாம் போட்டு வச்சிருக்க?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

தாமோதரன் டேப்பை உரித்தார். மைக்கை நகர்த்தினார். மறுபடி ஒட்டினார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான்.

இசையமைப்பாளர் போனில் வந்தார். "அஞ்சு மணிக்குள்ள சரியா வரலைன்னா விட்டுருங்க தாமு சார். நான் கம்ப்யூட்டர்ல போட்டுக்கறேன். பெரியவரை மனசு நோகாம அனுப்பி வச்சிருங்க."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. உள்ளே பேசுகிற மைக்கை அணைக்கத் தாமோதரன் மறந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைட்டஸ் குச்சிகளை எடுத்துப் பையில் வைக்கத் தொடங்கினார்.

"சார், சார், ஒரு நிமிஷம்!"

"பரவால்ல தாமு. கூப்ட்டியே, அதுவே பெரிசு."

நசீமா திரும்பி வந்தது அந்த நேரத்தில்தான். தாமோதரன் கிட்டத்தட்ட ஓடினார்.

"டீச்சர், என்னை நம்பி வந்த மனுஷன் கிளம்பிப் போறாரு. சிம்பலை எப்படி அடக்குறது?"

நசீமா பதிவானதைக் கொஞ்சம் கேட்டார். ஒலி அளவுகளை ஏற்றி இறக்கும் மிக்சரை ஒருமுறை பார்த்தார். பிறகு மைக்கில் சொன்னார்.

"டைட்டஸ் சார், இப்படி வந்து ஒரு டீ சாப்பிடுங்க. அண்ணே, நீங்க போய் அவர் இடத்துல உட்காருங்க."

"எனக்கு டிரம்ஸ் வராதே டீச்சர்."

"பேச வரும்ல?"

தாமோதரன் போய் உட்கார்ந்து டைட்டஸின் ஹெட்போனை மாட்டினார். பாட்டு இரண்டு காதையும் நிறைத்தது. அதற்கு நடுவே நசீமாவின் குரல்.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"இட்லி, டீச்சர்."

"மெதுவா சொல்லுங்க."

"மெதுவாத்தான் சொல்றேன்! இட்லி!"

அந்தக் கத்தலைக் கேட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைட்டஸ் டீயைச் சட்டையில் சிந்திக்கொண்டு சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று தாமோதரனுக்குப் புரியவில்லை.

"இப்ப அந்தச் சிம்பலை லேசாத் தட்டுங்க."

தட்டினார். காதில் ஒன்றும் விழவில்லை. கொஞ்சம் அழுத்தித் தட்டினார். பாட்டுதான் கேட்டது. குச்சியை ஓங்கினார்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

காலையில் அவரேதான் செய்தார். டைட்டஸுக்குப் பாட்டு தெளிவாகக் கேட்கட்டும், இரைச்சல் அவர் காதுக்கு வேண்டாம் என்று ஹெட்போனில் பாட்டை ஏற்றி, சிம்பலை அடியோடு இறக்கி வைத்தார். பெரிய உபகாரம் செய்த திருப்தி வேறு.

ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வந்தார். "சார், காலைலேர்ந்து உங்களுக்குச் சிம்பலே கேக்கலையா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

டைட்டஸ் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"இத்தினி வருஷம் கழிச்சு ஒருத்தன் கூப்ட்டிருக்கான். வந்ததும் வராததுமா கேக்கலைன்னு சொன்னா, கெழவனுக்குக் காது போச்சும்பாங்க. எனக்கே அந்த பயம் வந்துருச்சு, தாமு."

தாமோதரன் உள்ளே போய்ச் சிம்பலில் இருந்த டேப்பையெல்லாம் உரித்துப் போட்டார். திரும்பி வந்து, ஹெட்போனில் கேட்கும்படி மிக்சரில் சிம்பலை மட்டும் ஏற்றினார்.

டைட்டஸ் மறுபடி உட்கார்ந்தார். சிம்பலை ஒருமுறை தட்டினார். இன்னும் லேசாக மறுபடி தட்டினார். பிறகு, "போடு பாட்டை," என்றார்.

குச்சியின் நுனி சிம்பலின் ஓரத்தைத் தொட்டது, அவ்வளவுதான். ரீங்காரம் எழுந்தது. பாடகி மூச்சு எடுக்கும் இடத்தில் மெல்லச் சுற்றி வந்து, அடுத்த வார்த்தை வருவதற்குள் ஒதுங்கி நின்றது. ஓரிடத்தில் நீண்டுவிடும்போல் இருந்தது. டைட்டஸ் இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்து அதை நிறுத்தினார். என்ன கை அது! இதையா அடங்காத கை என்றோம் என்று தாமோதரன் கூசிப்போனார். வாசிப்பவரைப் பார்த்தார், குருவைப் பார்த்தார். இரண்டு பேரையும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கை மிக்சரில் இருந்ததால் பிழைத்தார்கள்.

முதல் தடவையிலேயே பாட்டு முடிந்தது. பதிவை அனுப்பி வைத்த சற்று நேரத்தில் இசையமைப்பாளர் போனில் கத்தினார்.

"தாமு சார்! என்ன மாயம் இது? அடுத்த பாட்டுக்கும் அவரையே வரச்சொல்லுங்க. ஆமா, சிம்பலை என்ன செஞ்சீங்க? மாத்திட்டீங்களா?"

தாமோதரன் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"டீச்சர், சிம்பலை என்ன செஞ்சோம்னு கேக்குறாரு. என்ன சொல்றது?"

"சிம்பலை ஒண்ணும் செய்யலைன்னு சொல்லுங்கண்ணே," என்றார் நசீமா. "டைட்டஸ் சார் வாசிக்கிறது டைட்டஸ் சாருக்குக் கேட்டுச்சு."