கச்சையில் மாட்டிய சாவி

"யாரோ அவளை ஏவி விட்டிருக்காங்க, ரபி. இது மேயர் வேலைதான்."

நகூம் வாசலில் நின்றபடியே சொன்னார். உட்காரக்கூட இல்லை.

ரபி என்றால் யூதர்களுக்குக் குரு. பெசலேல் என்ற இந்த ரபிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் நகூமுக்கோ தாடி முழுக்க நரை. ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சிறுநகரத்தில் இதை யாரும் விநோதமாக நினைக்கவில்லை. நகூமுக்குத் தன் சந்தேகங்களைக் கொட்ட ஒரு காது தேவைப்பட்டது. ரபிக்குப் பொறுமை இருந்தது.

சிலர் வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புவார்கள். நகூம் பாலையே சுண்ணாம்புத் தண்ணீரோ என்று மோந்து பார்க்கிறவர்.

நல்ல மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும். தோல் பதனிடுகிறவர்களின் தெருவில் குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது. அங்கே ஒரு யூதர்கூட இல்லை. இருந்தும், அந்தத் தெருவுக்குக் கிணறு வெட்டிக் கொடு என்று யூதர்களைத் திரட்டிக்கொண்டு நகர மன்றத்தின் முன்னால் போய் நின்றவர் அவர்தான். மழையில் நின்றார். மேயரின் ஆட்கள் சேற்றை வாரி அடித்தபோதும் நின்றார்.

அப்படிப்பட்டவரை அந்தத் தெருக்காரி ஒருத்தியே சந்தி சிரிக்க வைத்தால் வயிறு எரியாதா?

நடந்தது இதுதான்.

யூதர்களிடம் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஓய்வுநாள் காலையில் ஜெப ஆலயத்தில் வேதச் சுருளை வாசிக்கப் போகும்போது, அநியாயத்துக்கு ஆளான எவரும் எழுந்து "நிறுத்துங்கள்" என்று சொல்லலாம். சொல்லிவிட்டால், அந்த வழக்கைக் கேட்டுத் தீர்க்கும்வரை வாசிப்பு கிடையாது. வேதமே காத்திருக்கும்.

போன ஓய்வுநாளில் யுஸ்தினா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். தோல் சுரண்டிப் பிழைக்கிறவள்.

"நிறுத்துங்க" என்றாள்.

மேற்கொண்டு ஒரு வார்த்தை பேச யாரும் விடவில்லை. இவள் யார், இவளுக்கு இங்கே என்ன உரிமை என்று கூடமே கத்தியது. எல்லோரையும்விட உரக்கக் கத்தியவர் நகூம். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

ரபி சுருளைச் சுற்றினார். பேழைக்குள் வைத்துத் திரையை இழுத்துவிட்டார். தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்று வாசிப்பு நடக்கவில்லை.

"நம்ம ஆளுங்கள்லயே பாதிப் பேருக்கு அந்த வழக்கம் தெரியாது" என்றார் நகூம். "அவளுக்கு எப்படித் தெரிஞ்சது? உள்ளேயிருந்து எவனோ சொல்லிக்கொடுத்திருக்கான்."

"யாரு?"

"தச்சன் ஃபிஷல் மேல எனக்கு ஒரு கண்ணு. மேயர் வீட்டுக்கு ஜன்னல் செஞ்சு கொடுத்தவன்."

"வேற?"

"கதவோரமா உட்கார்ந்திருந்தானே, அந்த ரொட்டிக்காரன். அவ வந்தப்போ நகர்ந்து வழி விட்டான்."

"வேற?"

நகூம் தாடியைத் தடவினார்.

"ஒரு நிமிஷம் உங்களையும் சந்தேகப்பட்டேன், ரபி. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு."

"ஒரு நிமிஷம்தானா?"

ரபி எழுந்து குவளையில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். நகூம் மோந்து பார்த்தார்.

"ஏது இந்தத் தண்ணி?"

"ஆலயத்து முற்றத்துக் கிணத்துத் தண்ணி. காலையில நீங்க பூட்டைத் திறந்து இறைச்சுக் கொடுத்தீங்களே, அதுதான்."

"அப்ப சரி."

ஒரே மூச்சில் குடித்தார்.

"அவ உள்ள வந்தப்போ எதைப் பார்த்துக்கிட்டு நின்னா?" என்று கேட்டார் ரபி.

"என் இடுப்பைத்தான். வந்ததிலேர்ந்து போறவரைக்கும் கண்ணை எடுக்கலை. திருட்டுப் பார்வை!"

நகூமின் இடுப்பில் ஒரு துணிக்கச்சை இருந்தது. அதன் கொக்கி ஒரு சாவி. ஓய்வுநாளில் யூதர்கள் எதையும் சுமந்துகொண்டு தெருவில் நடக்கக் கூடாது, சாவியைக்கூட. சாவியையே கச்சைக்குக் கொக்கியாக மாட்டிக்கொண்டால் அது சுமை இல்லை, உடை. வேதத்துக்கும் பழுதில்லை, பூட்டுக்கும் பழுதில்லை.

அது முற்றத்துக் கிணற்றின் சாவி. முன்பெல்லாம் ஊரில் யார் வேண்டுமானாலும் வந்து அங்கே இறைத்துக்கொண்டு போவார்கள். போன கோடையில் ஒருநாள் வாளியில் ஒரு துண்டுத் தோல் கிடந்தது. விசாரணை முடியும்வரை என்று சொல்லி நகூம் பூட்டுப் போட்டார். எல்லோரும் சரி என்றார்கள். விசாரணை இன்னும் முடியவில்லை.

"யாரு சொல்லிக்கொடுத்ததுன்னு அவகிட்டயே கேட்டுடுங்களேன்" என்றார் ரபி.

"பொய் சொல்லுவா."

"சொன்னா நீங்க கண்டுபிடிக்க மாட்டீங்களா?"

இது நகூமுக்குப் பிடித்திருந்தது. போனார்.

யுஸ்தினாவின் வீட்டில் அவள் மகள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. யுஸ்தினா ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டாள். வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

நகூம் மோந்து பார்த்தார். தோலூறிய ஆற்றின் வாடை. குவளையைக் கீழே வைத்துவிட்டார்.

"வேற தண்ணி இல்லைங்கய்யா" என்றாள். "பொண்ணும் இதைத்தான் குடிக்கிறா. குடிச்சுக் குடிச்சுத்தான் இப்படி."

அவருக்கு நெஞ்சு இளகத்தான் செய்தது. ஆனால் வந்த வேலை என்று ஒன்று இருக்கிறதே.

"யாரு உன்னை எங்க ஆலயத்துக்கு அனுப்பினது? மேயரா?"

"மேயரா? அவர் வீட்டு நாயைக்கூட நான் கிட்டத்துல பார்த்ததில்லைங்க."

"அப்ப அந்த வழக்கத்தை உனக்கு யாரோ சொல்லியிருக்கணும். பேரைச் சொல்லு."

"பேரு தெரியாதுங்களே."

"ஆளைத் தெரியுமா?"

"தெரியுமே."

"யாரு?"

அவள் அவரைக் குழப்பத்தோடு பார்த்தாள்.

"நீங்கதானே ஐயா."

"நானா?"

"நகர மன்றத்து வாசல்ல, மழையில. பீப்பாய் மேல ஏறி நின்னு மேயரைக் கேட்டீங்களே. 'எங்க ஆலயத்துல ஒரு ஏழைக்கு அநியாயம் நடந்தா, அவன் வேதத்தையே நிறுத்தலாம். உங்க மன்றத்துல ஒரு ஏழை கதவையாவது தட்ட முடியுமா?'ன்னு. எங்க தெருவே கைதட்டிச்சு. நானும் தட்டினேன்."

நகூம் அவள் முகத்தில் பொய்யைத் தேடினார். வெகுநேரம் தேடினார்.

"நிஜம்னு நம்பிட்டேங்க" என்றாள் யுஸ்தினா. "தப்பா வந்திருந்தா மன்னிச்சுக்கங்க."

மகள் தண்ணீர் கேட்டு முனகினாள். யுஸ்தினா அவர் குடிக்காமல் வைத்த குவளையை எடுத்துப் போய்க் கொடுத்தாள்.

அவர் எழுந்தார். மீண்டும் உட்கார்ந்தார். கடைசியில், அவளுக்கு மட்டுமே எட்டும் குரலில் கேட்டார்.

"அன்னைக்கு நீ சொல்ல வந்த வழக்கு என்னம்மா?"

அவள் அவர் இடுப்பைப் பார்த்தாள்.

அடுத்த ஓய்வுநாள் காலையில் ஆலயம் நிறைந்துவிட்டது. நகூமை மட்டும் காணவில்லை. ஜெபம் பாதி ஆனபிறகு வந்தார். நீண்ட அங்கி அவிழ்ந்து விரிந்திருக்க, அதை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவே நடந்தார். அந்தக் கோலத்தில் அவரை யாரும் பார்த்ததில்லை.

தச்சன் ஃபிஷலுக்குத் தாங்கவில்லை.

"கச்சை கட்டாம ஜெபத்துல நிக்கக் கூடாதுன்னு தெரியாதா, நகூம்? எங்கே உங்க கச்சை?"

"யுஸ்தினா இடுப்புல."

வெளியே முற்றத்தில் கிணற்றின் கப்பி கிறீச்சிட்டது. வாளி தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, பல குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

ரபி பேழையருகே போய் நின்றார். திரையில் கை வைத்தார். உடனே விலக்கவில்லை.

"உங்க சந்தேகம் தீர்ந்துச்சா, நகூம்?"

"இல்லை, ரபி" என்றார் நகூம். "இப்பத்தான் சரியான ஆள் மேல வந்திருக்கு."