படுத்துக் கிடப்பவருக்கும் பசிப்பது ஏன்?

அந்தக் காலத்தில் கடலில் கரைந்து கிடந்த உப்புக்கும் வாய் இருந்தது. கரையில் ஒரு புல்கூட முளைத்திருக்கவில்லை. உயிர் என்று சொல்லிக்கொள்ள, கடலுக்குள் எண்ணெய்த்துளி போல மிதந்த சின்னச் சின்ன வீடுகள்தான் இருந்தன. செல் என்று அவற்றுக்குப் பிற்பாடுதான் பெயர் வைத்தார்கள்.

அப்படி ஒரு வீட்டுக்கு ஆண்டியப்பன் தலைவர். கொழுப்பால் ஆன மெல்லிய சவ்வுதான் வீட்டின் சுவர். கொழுப்பை உப்பு தாண்டாது. அதனால் போகிறவர் வருகிறவருக்காகச் சுவரிலேயே ஆட்கள் பதிந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களே வாசல், அவர்களே காவல்.

சீனிச்சாமி சர்க்கரை வாசல். வெளியே உப்பிலிருந்து பிரிந்த சோடியம் கூட்டம் கூட்டமாக முண்டியடிக்கும். கையை வீசிக்கொண்டு வராதே, ஒரு சர்க்கரையையும் இழுத்துக்கொண்டு வா என்பான் சீனிச்சாமி. சோடியம் உள்ளே பாயும், கூடவே சர்க்கரையும் வரும். வீடு முழுக்க அவனுக்கு ராஜமரியாதை.

சரி, உள்ளே வந்த சோடியத்தை என்ன செய்வது? அதை யாரும் கேட்கவில்லை. உப்பு சேர்ந்தால் பின்னாலேயே தண்ணீர் வரும், வீடு ஊதும், ஊதினால் வெடிக்கும். வெடிக்காமல் இருந்தது பேச்சியால். அவளும் சுவரில் இருந்தவள்தான். உள்பக்கமாக மடியைத் திறந்து மூன்று சோடியத்தை வாரிக்கொள்வாள். ஒரு தீப்பொறியைக் கடித்துக்கொண்டு, முழு உடம்பையும் முறுக்கித் திரும்பி, வெளியே கொட்டுவாள். திரும்பியதும் மடியின் வடிவமே மாறிவிடும். இப்போது அதில் சோடியத்தின் பங்காளியான பொட்டாசியம்தான் உட்காரும். இரண்டு பொட்டாசியத்தை ஏற்றிக்கொண்டு மறுபடி உள்ளே திரும்புவாள். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் திறக்கவே மாட்டாள். திறந்தால் கடலே உள்ளே வந்துவிடும். மூன்று வெளியே, இரண்டு உள்ளே. இதற்கு ஓய்வு கிடையாது, ஒழிவு கிடையாது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். சர்க்கரையை எரித்துக் கிடைக்கும் தீப்பொறிதான் எல்லாருக்கும் சாப்பாடு. அதைப் பங்கிடும்போது, கொண்டுவருகிறவர்களுக்கு முதல் பங்கு. வெளியே தள்ளுகிறவர்களுக்கு மிஞ்சினால் உண்டு. இப்படி வகுத்தது யார்? உட்கார்ந்து தின்றவர்கள்தான், வேறு யார்! பேச்சியும் இரண்டு பொட்டாசியம் கொண்டுவருகிறாளே என்றால், அதைத் தின்ன முடியுமா என்று சிரித்தார்கள்.

ஒருமுறை கடலில் சர்க்கரை அருகிப்போனது. உடனே யார் பங்கில் கை வைத்தார்கள் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

"வாரிக் கொட்டுறதெல்லாம் ஒரு வேலையா? அவளுக்கு எதுக்குப் பொறி?" என்றார் ஆண்டியப்பன். சீனிச்சாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

பேச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சீனிச்சாமியண்ணே, சோடியம் எதுக்கு உங்க வாசல்ல வந்து முட்டுது? உங்க அழகைப் பார்த்தா? நான் வெளியே தள்ளித் தள்ளி அங்க நெரிசலை உண்டாக்கி வச்சிருக்கேன், அதான் முட்டுது. அந்த நெரிசல் முதுகுல நீங்க சர்க்கரையை ஏத்தி விடுறீங்க. அம்புட்டுத்தான் உங்க வேலை."

வாய் நீளுது, முடியாவிட்டால் நிறுத்திக்கொள் என்றார் ஆண்டியப்பன்.

"சரி" என்றாள் பேச்சி. நிறுத்திவிட்டாள்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. சோடியம் வந்தது, சர்க்கரையும் வந்தது. இவள் இல்லாமல் எது குறைந்துபோனது என்று சீனிச்சாமி நக்கலடித்தான். ஆனால் உள்ளே சோடியம் ஏற ஏற வெளியே நெரிசல் தளர்ந்தது. கடைசியில் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டது. சீனிச்சாமி சர்க்கரையைக் கையில் வைத்துக்கொண்டு கூவிக் கூவி அழைத்தான்.

"உள்ளேயும் எங்க ஆளுங்க, வெளியேயும் எங்க ஆளுங்க. எங்க இருந்தா என்ன? போண்ணே" என்றது ஒரு சோடியம்.

சர்க்கரை நின்றது. தண்ணீர் மட்டும் நிற்காமல் வந்தது. வீடு உப்பி, சுவர் இழுபட்டு மெலிந்தது.

அப்போதும் ஆண்டியப்பனுக்குப் பேச்சியிடம் போக மனம் வரவில்லை. சுவரில் பொட்டாசியம் மட்டும் வெளியே போகிற வாசல் ஒன்று இருந்தது ஞாபகம் வந்தது. அங்கே நான்கு சகோதரிகள் வட்டமாக நின்றிருந்தார்கள். கடலில் திரிகிற எல்லாரும் நீரைப் போர்வையாகச் சுற்றியிருப்பார்கள். அந்த இடுக்கு வாசலில் போர்வையோடு நுழைய முடியாது. போர்வையை அவிழ்த்து வருபவரை நால்வரும் சுற்றி நின்று தாங்கிக்கொள்வார்கள். அந்தக் கைகள் பொட்டாசியத்தின் சுற்றளவுக்கு அச்சாக நின்றவை.

பெரியவனே போகிற வாசலில் பொடியன் போகமாட்டானா என்று சோடியத்தைப் பிடித்துத் தள்ளினார் ஆண்டியப்பன். சோடியம் பொட்டாசியத்தைவிடச் சின்னவன்தான். சின்னவனாக இருந்ததுதான் சிக்கல். நால்வரின் கையும் ஒருசேர அவனை எட்டவில்லை. அவன் போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"தாங்க ஆளில்லாம இதை அவுக்க நான் என்ன கிறுக்கனா?"

கையைக் கொஞ்சம் நெருக்கி வையுங்கள் என்று ஆண்டியப்பன் கெஞ்சினார். நெருக்கினால் பொட்டாசியமும் போகமுடியாது என்று சகோதரிகள் மறுத்துவிட்டார்கள்.

சுவர் ஓரிடத்தில் கீறத் தொடங்கியது. அப்போதுதான் பேச்சியிடம் வந்தார். வந்தும் அதிகாரம் போகவில்லை. வீடு வெடித்தால் நீயும்தான் சாவாய் என்றார்.

"தெரியும். பட்டினியோட சுத்திச் சுத்திச் சாகுறதுக்கு இது மேல்" என்றாள் பேச்சி. "முதல் பொறி எனக்கு. இந்த வீட்டுல ஒருத்தரும் அசையாம கிடந்தாலும் எனக்கு வந்தாகணும். எனக்குப் போகத்தான் மத்தவங்களுக்கு. சம்மதம்னா குடுங்க. இல்லைன்னா சுவரைப் பார்த்துக்கிட்டு நில்லுங்க."

ஆண்டியப்பன் தனக்கென்று ஒளித்துவைத்திருந்த பொறிகளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அவள் ஒன்றைக் கடித்தாள், முறுக்கித் திரும்பினாள், கொட்டினாள். அடுத்த பொறி, அடுத்த மூன்று. தண்ணீர் மெல்ல மெல்ல வெளியேறியது. சுவர் தளர்ந்தது. வெளியே நெரிசல் கூடியதும் சீனிச்சாமியின் வாசலில் முதல் சர்க்கரை வந்து விழுந்தது. அதை அவன் எரிக்கக் கொடுத்தான், வந்த பொறியைப் பேச்சியின் பக்கம் நகர்த்தினான், முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளுக்கு அது வேண்டியிருக்கவும் இல்லை. அவள் கேட்டது பங்கு.

அன்று முதல்தான், ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாமல் நாள் முழுக்கப் படுத்துக் கிடப்பவருக்கும் வேளை வந்தால் வயிற்றைக் கிள்ளுகிறது: அவர் அசையாவிட்டால் என்ன, அந்த வீடு பெருகிப் பெருகி உண்டான உடம்பெல்லாம் பேச்சி பொறியைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் திரும்புகிறாள்.